ஐம்பத்து மூன்று நாள் கம்பளி

யெசுலுனைப் பற்றி அந்தப் புல்வெளியில் யாரைக் கேட்டாலும் முதலில் ஒரே செய்தியைத்தான் சொல்வார்கள்: புருஷன் செத்துக்கொண்டிருந்தபோது கம்பளியைத் தூக்கிக்கொண்டு வெளியே போனவள். அவளுடைய கம்பளி இரண்டு தலைநகரங்களுக்கும் போனது, அவள் கை பட்ட வெள்ளையில் ஒரு கறுப்பு மயிர்கூடக் காண முடியாது, இதெல்லாம் அதற்குப் பிறகுதான் வரும். சில பேருக்கு வரவே வராது.

அவள் பிறந்தது வடக்கே, கெருலென் ஆற்றுப் பக்கம். பதினேழு வயதில் கல்யாணமாகித் தெற்கே வந்தாள், பேரரசரான கானின் கோடைத் தலைநகருக்கும் குளிர்காலத் தலைநகருக்கும் நடுவில் இருக்கிற மேய்ச்சல் நிலத்துக்கு. இரண்டு வண்டிச் சீர் வந்தது. பெட்டி, செம்புக் குண்டான், சேணம், எல்லாவற்றுக்கும் அடியில் சுருட்டி வைத்த ஒரு தாய்க் கம்பளி. அது அவள் அம்மாவுடையது. அம்மாவுக்கு அவள் அம்மா கொடுத்தது.

புதுக் கம்பளி செய்யப் பழைய கம்பளி ஒன்று வேண்டும். அதைத் தரையில் விரித்து நனைத்து, கோலால் அடித்துப் பஞ்சாக்கிய ஆட்டுமயிரை அதன்மேல் அடுக்கடுக்காகப் பரப்பி, தண்ணீர் தெளித்து, இரண்டையும் சேர்த்து ஒரு கழியில் சுருட்ட வேண்டும். ஈர மாட்டுத்தோலில் பொதிந்து, குதிரைக்குப் பின்னால் கட்டி, அரை நாள் புல்லில் உருட்டி இழுக்க வேண்டும். பிரித்தால் அடியில் இருப்பது தாய். மேலே ஒட்டிக்கொண்டு வருவது மகள். தாய் நன்றாக இருந்தால் மகள் நன்றாக இருக்கும். நல்ல தாய் இல்லாத வீட்டுப் பெண் பக்கத்துக் கூடாரத்தில் போய் இரவல் கேட்டு நிற்க வேண்டும்.

யெசுலுன் யாரிடமும் போய் நிற்கிற ஆள் இல்லை. வாய் கொஞ்சம் கூர்மை. சிரிப்பது குறைவு. வந்த மூன்றாம் வருஷத்திலேயே கம்பளி வாங்கும் அதிகாரிகள் அவள் பெயரைச் சொல்லி வந்து கேட்டார்கள். புருஷன் நல்லவன், நெஞ்சு மட்டும் சரியில்லாதவன். குளிர் தொடங்கினால் இருமத் தொடங்குவான், புல் முளைத்தால் நிறுத்துவான். செத்தவர் பெயரைச் சொல்வது அங்கே வழக்கமில்லை. அதனால் அவன் பெயர் இங்கேயும் வராது.

ஒரு வசந்தத்தில் புல் முளைத்தும் இருமல் நிற்கவில்லை. மணற்காற்று வீசிய ஒரு மதியம் ரத்தமாக வந்தது. அவன் தம்பி நாச்சின், குறிசொல்லியைக் கூட்டிவரக் குதிரையில் போயிருந்தான். மகள் செச்செக் ஆடுகளோடு ஏரிப்பக்கம் இருந்தாள். அப்போது அவளுக்குப் பதிமூன்று.

நாச்சின் தனியாகத்தான் திரும்பி வந்தான். குறிசொல்லி அகப்படவில்லை. கூடார வாசலில் குதிரையை விட்டு இறங்கும்போது, சுருட்டிய தாய்க் கம்பளியைத் தோளில் போட்டுக்கொண்டு அண்ணி வெளியே வருவதைப் பார்த்தான்.

“அண்ணன் எப்படி இருக்கான்?”

“மூச்சு இருக்கு. உள்ள போ.”

அவன் உள்ளே போனான். உடம்பில் சூடு இருந்தது. மூச்சு இல்லை.

ஊர் அறிந்தது இவ்வளவுதான். நடந்தது வேறு. யெசுலுன் கடைசிவரை அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டுதான் இருந்தாள். மூச்சு நின்ற பிறகும் இருந்தாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்து, சாணி நெருப்பு பாதி அணைந்து, புகை கண்ணைக் கரிக்கும்வரை அசையவில்லை. அப்போதுதான் பெட்டிக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்திருந்த கம்பளிச் சுருள் கண்ணில் பட்டது.

சாவு விழுந்த கூடாரத்தில் இருந்த ஆள், இரண்டு தீக்கு நடுவில் நடந்து ஒன்பது மாதம் கழித்தால் சுத்தம். கம்பளிக்கு அது கிடையாது. மயிர் செத்தவன் மூச்சைப் பிடித்துக்கொள்ளும், விடாது என்பார்கள். அந்தக் கூடாரத்துச் சுவர்க் கம்பளி, படுக்கைக் கம்பளி எல்லாவற்றையும் எரித்துவிட வேண்டும். இழவு பார்த்த தாயின்மேல் பிறக்கிற மகளுக்கும் தீட்டு. அப்படி ஒன்றைத் தெரிந்தே கானின் முற்றத்துக்கு அனுப்பியவர்களின் தலை கழுத்தில் நிற்காது.

அவள் இவ்வளவையும் யோசித்தாளா என்றால், இல்லை. புருஷன் போய்விட்டான், ஆடு குதிரையில் பாதி தம்பிக்குப் போகும், இந்தச் சுருளும் போனால் நானும் மகளும் யார் வாசலில் நிற்பது என்கிற ஒன்றுதான் அவள் தலையில் இருந்தது. குளம்புச் சத்தம் கேட்டது. அவன் தலையை மெதுவாகக் கீழே வைத்தாள். சுருளைத் தூக்கினாள். வாசலில் பொய் சொன்னாள்.

இரண்டு சொல். அதற்கு அப்புறம் மூன்று வருஷம் அவளோடு யாரும் நல்லபடியாகப் பேசவில்லை.

நாச்சின் அண்ணன்மேல் உயிராக இருந்தவன். நெருப்பில் கொழுப்பு விட்டு அண்ணனுக்குப் பங்கு வைக்கும்போது, கூட்டத்துக்கு நடுவில் அவளைப் பார்த்துச் சொன்னான்: “நாலு எட்டு வச்சு நான் உள்ள போறதுக்குள்ள போயிட்டான். அந்த நாலு எட்டு அவன் கைய யாரும் பிடிக்கல. ஏன்னா பிடிக்க வேண்டிய கை கம்பளியப் பிடிச்சிருந்துச்சு.”

யெசுலுன் பதில் சொல்லவில்லை. அதுவே ஒத்துக்கொண்ட மாதிரி ஆயிற்று.

அண்ணன் விதவையைத் தம்பி சேர்த்துக்கொள்வது அங்கே முறை. வருஷம் திரும்பியதும் முகாமின் பெரியவர்கள் இரண்டு பேர் வந்து உட்கார்ந்து பேச்சை எடுத்தார்கள்.

“நாச்சின், அண்ணன் அடுப்பு அணையக் கூடாதுப்பா. இவளக் கூட்டிக்கோ.”

“ஓநாயோட படுத்துக்கறேன். அது குட்டி சாகறப்போ கூடவே இருக்கும்.”

யெசுலுன் புளித்த குதிரைப்பாலைக் கிண்ணங்களில் ஊற்றிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. “ஓநாய்க்குச் சம்மதமான்னு கேட்டியா தம்பி?”

பெரியவர்கள் சிரித்துவிட்டார்கள். நாச்சின் கிண்ணத்தைத் தொடாமல் எழுந்து போனான். அண்ணன் சாவுக்காக வெறுத்ததோடு இந்தச் சிரிப்பும் சேர்ந்துகொண்டது. அதற்குப் பிறகு குளிர்கால முகாமில் அவள் கூடாரத்தைக் காற்று அடிக்கிற பக்கத்தில்தான் போடவிட்டார்கள். அவள் ஆடுகளுக்கு, பனிக்கட்டியில் வெட்டிய தண்ணீர்த் துளை கடைசியாகத்தான் கிடைத்தது.

பக்கத்துக் கூடாரத்து ஓல்ஜெய் மட்டும் தினமும் வருவாள். அன்பு என்று சொல்ல முடியாது. உப்பு, ஊசி, ஏதாவது ஒன்று வேண்டியிருக்கும். வாங்கிக்கொண்டு போகும்போது ஒன்றைப் போட்டுவிட்டுப் போவாள்.

“நான் சொல்லலக்கா. ஊர்ல சொல்றாங்க. உனக்குக் கண்ணுல தண்ணியே வராதாமே.”

“உப்ப எல்லாம் நீ வாங்கிட்டுப் போயிடற. எங்கேர்ந்து வரும்?”

தாய்க் கம்பளி அந்த மூன்று வருஷத்தில் பதினோரு மகள்களைப் பெற்றது. எல்லாம் மேய்ப்பர் கூடாரங்களுக்கும் ராணுவ முகாம்களுக்கும் போனவை. ஒவ்வொன்றும் போனபின் யெசுலுன் அந்த வீட்டுச் செய்திக்காகக் காதைத் தீட்டிக்கொண்டிருப்பாள். யாரும் நோயில் விழவில்லை. ஒரு வீட்டில் இரட்டை ஆண்பிள்ளை பிறந்தது. தீட்டு என்று ஒன்று இருந்தால் இதற்குள் காட்டியிருக்காதா என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். சொல்லிச் சொல்லி அந்த எண்ணம் கொஞ்சம் உறுதிப்பட்டது.

நாலாவது இலையுதிர்காலத்தில் பழைய பேரரசர் கோடைத் தலைநகரில் காலமானார். அடுத்தது யார் என்று பெரிய இடத்தில் ஒரு மாதம் இழுபறி. கடைசியில், முந்திய ஒரு பேரரசரின் இளைய மகனை, ஏழு வயதுப் பிள்ளையை உட்கார வைப்பது என்று முடிவானது. புதுக் கானை வெள்ளைக் கம்பளியில் உட்கார வைத்து, இளவரசர்கள் நான்கு மூலையையும் பிடித்துத் தூக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் அவர் கான். அந்தக் கம்பளிக்கான கட்டளை யெசுலுனின் வாசலுக்கு வந்தது. ஒன்பது முழம். பன்னிரண்டு நாள்.

முகாமே கூடிவிட்டது. “ஏழு வயசுப் பையனத் தூக்க ஒன்பது முழம் எதுக்கு? என் பழைய அங்கி போதாதா?” என்றாள் ஓல்ஜெய்.

“உன் அங்கில உட்காந்தா பையன் ஒரு வாரத்துக்குச் சொறிவான்” என்றாள் யெசுலுன். வாய் பேசியது. கண் கூடாரத்துக்குள் இருந்த தாய்க் கம்பளிச் சுருளுக்குப் போனது.

முடியாது என்று சொல்லலாம். சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். அன்று சாயங்காலமே ஓல்ஜெயின் கூடாரத்துக்குப் போனாள். வாழ்க்கையில் முதல் தடவையாகக் கேட்டாள்.

“உன் தாய்க் கம்பளியக் கொஞ்சம் கொடு. நாலு நாள்ல தர்றேன்.”

ஓல்ஜெய்க்கு ஊசி கையிலேயே நின்றுவிட்டது. “என்னோடதா? அது மஞ்சளடிச்சுக் கெடக்கு. ஓரமெல்லாம் ஓட்டை. கானுக்குச் செய்யறதுக்கு அதுவா? உன் தாய்க்கு என்ன வந்துச்சு?”

“ஒண்ணும் வரல.”

“அப்புறம் ஏன்?”

அந்த ‘ஏன்’ நாளைக்குக் காலையில் எத்தனை கூடாரத்தில் உட்கார்ந்திருக்கும் என்று யெசுலுனுக்குத் தெரியும். “சும்மா. என்னோடத வெயில்ல போடலாம்னு பார்த்தேன்” என்று சொல்லித் திரும்பிவிட்டாள்.

தன் தாயையே விரித்தாள். அன்று முழுக்க மயிர் அடிக்கும்போது கோல் கையிலிருந்து இரண்டு முறை நழுவியது. பதினோரு வீட்டில் ஒன்றும் ஆகவில்லை, பதினோரு வீட்டில் ஒன்றும் ஆகவில்லை என்று அடிக்கு ஒரு தடவை சொல்லிக்கொண்டாள். மகள் செச்செக்குக்குப் பதினாறு முடிந்து, வடக்கே ஒரு நல்ல குடும்பத்தில் பேசி வைத்திருந்தார்கள். வேனிலில் கல்யாணம். இந்த வேலை நல்லபடி முடிந்தால் கானின் கம்பளி செய்தவள் மகள் என்ற பெயரோடு போவாள்.

சுருளை இழுக்கச் சீராக நடக்கிற குதிரை வேண்டும். முகாமில் அப்படி ஒன்றுதான், நாச்சினின் சாம்பல் குதிரை. கட்டளையோடு வந்த அதிகாரி அதையே கேட்டார். நாச்சின் வந்தான். கயிற்றைக் கட்டும்போது அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்: “கான் வீட்டு வேலைன்னு வந்தேன். உனக்காக இல்ல.”

“எனக்காக வந்தா நானே குதிரையக் கட்டிக்கிட்டு இழுத்திருப்பேன்.”

அரை நாள் இழுத்தான். பிரித்தார்கள். தாயின் மேலிருந்து மகள் ஒரே உரிப்பில் கழன்று வந்தது, முதல் பனியைப் போல. பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். யெசுலுன் விரலைப் பாலில் தோய்த்து நான்கு மூலையிலும் தெளித்தாள். நாச்சின் குதிரைமேல் இருந்தபடியே பார்த்தான்.

“நல்லாத்தான் இருக்கு” என்றான். பிறகு, “இதுக்காகத்தானே அன்னைக்கு வெளிய போன” என்றான்.

பத்தாம் மாதத்தில் சின்னப் பிள்ளையைத் தூக்கினார்கள் என்று செய்தி வந்தது. யெசுலுனுக்கு இரண்டு சுருள் பட்டு வந்தது. ஒரு மாதம் அவள் கூடாரத்துக்கு ஆட்கள் வந்து போனார்கள். பேசாதவர்கள் பேசினார்கள். தண்ணீர்த் துளையில் இடம் விட்டார்கள். அவள் அதை நம்பவில்லை, ஆனால் அந்த இடத்தில் ஆடுகளை விட்டாள்.

ஐம்பத்து மூன்றாம் நாள் பிள்ளை இறந்துபோனது.

செய்தி வந்தபோது எல்லோரும் தண்ணீர்த் துளையைச் சுற்றி இருந்தார்கள். அஞ்சல் குதிரைக்காரன் இறங்காமலே சொல்லிவிட்டு அடுத்த முகாமுக்குப் போனான். ஓல்ஜெய்தான் விரல் மடக்கி எண்ணினாள். “ஐம்பத்தி மூணு. பால்பல்லு விழுந்து முடிச்சிருக்காது பாவம்.” யாரோ ஒருவர், கம்பளி ராசி எப்படி என்று பாதியில் நிறுத்தினார். அன்று சாயங்காலம் யெசுலுனின் ஆடுகள் மறுபடி கடைசியில் நின்றன.

அவள் கூடாரத்துக்குள் போய்த் தாய்க் கம்பளியின் முன்னால் உட்கார்ந்தாள். பெரியம்மை என்றார்கள், காய்ச்சல் என்றார்கள், சித்தப்பன்மார் வேலை என்று மெதுவாகவும் சொன்னார்கள். எதுவாகவும் இருக்கலாம். ஆனால் பதினோரு வீட்டுக் கணக்கு இப்போது உதவவில்லை. அந்த வீடுகளில் யாரும் கான் இல்லை. நான்கு மூலையையும் பிடித்துத் தூக்கும்போது அந்தப் பையன் நடுவில் விழாமல் இருக்கக் கம்பளியைக் கையால் பற்றியிருப்பான். அவன் கைக்குள் போன மயிர் எது, என் புருஷனின் மூச்சு எது? அவளால் அதற்குமேல் நினைக்க முடியவில்லை. நிறுத்தவும் முடியவில்லை.

பனி விழுந்தபின் விசாரணை வந்தது. பிள்ளையைத் தொட்ட ஒவ்வொரு பொருளையும் பார்க்கிறார்கள் என்று செய்தி முன்னாலேயே வந்துவிட்டது. தெற்கு முகாமில் சேணம் தைத்தவன், தன் வீட்டில் சாவு விழுந்து ஒன்பது மாதம் ஆகுமுன் தைத்தது தெரிந்து, நூற்று ஏழு அடி வாங்கினான். எழுந்திருக்கவில்லை. அவன் மனைவியையும் மகனையும் வேறு வீட்டுக்கு அடிமையாக ஓட்டிக்கொண்டு போனார்கள். யெசுலுன் அதைக் கேட்டுவிட்டுச் செச்செக்கைப் பார்த்தாள். அவள் கல்யாணத் தொப்பிக்கு முத்து கோத்துக்கொண்டிருந்தாள்.

விசாரணை அதிகாரி செங்கும், சளி பிடித்து மூக்கு சிவந்த ஒரு நடுவயதுக்காரர். எழுத்தர் ஒருவர், குறிசொல்லி ஒருவர், பத்து வீரர்கள். முகாமின் நடுவில் இரண்டு தீ மூட்டச் சொன்னார். தலைநகரிலிருந்து கொண்டுவந்த வெள்ளைக் கம்பளியையும் தாய்க் கம்பளியையும் தீக்களுக்கு நடுவில் விரித்தார்கள். குறிசொல்லி ஆட்டின் தோள்பட்டை எலும்பைத் தணலில் வைத்தான். அது குறுக்கே வெடித்தது. “சாவு பக்கத்துல நிக்குது” என்றான். எல்லா முகாமிலும் அப்படித்தான் சொன்னான் என்று பிறகு கேள்வி. அப்போது யாருக்கும் தெரியாது.

செங்கும் யெசுலுனைப் பார்த்தார். “உன் புருஷன் உன் கூடாரத்துலதான் செத்தானாமே. இந்தத் தாய் அப்ப எங்க இருந்துச்சு?”

“வெளிய எடுத்துட்டுப் போயிட்டேன் ஐயா. அவருக்கு மூச்சு இருக்கறப்பவே.”

“பாத்தது யாரு?”

கூட்டம் பனியைப் பார்த்தது. ஓல்ஜெய் இரண்டு கையையும் ஆட்டினாள். “எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க ஐயா. ஊர்ல சொல்றதக் கேப்பேன், அவ்வளவுதான்.”

“சாட்சி இல்லன்னா எலும்பு சொல்றதத்தான் எழுதணும்” என்றார் செங்கும். மூக்கைச் சிந்தினார். வீரர்களில் இரண்டு பேர் யெசுலுனுக்குப் பின்னால் வந்து நின்றார்கள். செச்செக் எங்கே என்று திரும்பிப் பார்க்க வேண்டும் போலிருந்தது. பார்த்தால் அவர்களும் பார்ப்பார்கள் என்று அசையாமல் நின்றாள்.

“நான் சொல்றேன் ஐயா.”

நாச்சின் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தான். முகமெல்லாம் வெளிச்சமாக இருந்தது. மூன்று வருஷமாக ஊருக்குச் சொன்னதை முதன்முதலாகத் தண்டிக்கக்கூடிய ஒருவரிடம் சொல்லக் கிடைத்த ஆளின் வெளிச்சம்.

“இவளப் பத்தி என்னத் தவிர யாருக்குத் தெரியும்? செத்தது என் அண்ணன். நான் குறிசொல்லியத் தேடிப் போயிட்டு ஓடி வர்றேன். இவ வாசல்ல வர்றா. தோள்ல இந்தச் சுருள். உள்ள அவன் சாகக் கெடக்கான். கொஞ்சமாவது ஈரம் இருக்கறவ செய்யற காரியமா ஐயா இது? கம்பளி கெட்டுடக் கூடாதுன்னு மனுஷன விட்டுட்டு வந்திருக்கா. இவ தொட்டதுல நல்லது எப்படி வரும்?”

செங்கும் கையை உயர்த்தினார். “நில்லு. இவ வெளிய வந்தப்போ அவன் உயிரோட இருந்தானா?”

“இருந்தான். அதத்தானே சொல்றேன்.”

“உனக்கு எப்படித் தெரியும்?”

“இருமினான் ஐயா. குதிரைய விட்டு எறங்கறப்போ என் காதால கேட்டேன். ரெண்டு தடவ.”

யெசுலுன் அவனைப் பார்த்தாள். அன்று அந்தக் கூடாரத்திலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை என்பது அவளுக்குத் தெரியும். முதல் வருஷம் அவன் சொன்ன கதையில் இருமல் கிடையாது. இரண்டாம் வருஷம் எப்போதோ ஒரு இருமல் உள்ளே வந்தது. இப்போது இரண்டு. அவன் பொய் சொல்லவில்லை. உண்மையாகவே கேட்டவன் முகம் அது.

“நெருப்பு சாட்சியா?” என்றார் செங்கும்.

“நெருப்பு சாட்சியா.”

செங்கும் எழுத்தரிடம் திரும்பினார். “எழுதிக்கோ. கம்பளி வெளிய வந்தப்போ ஆள் உயிரோட இருந்தான். செத்தவன் தம்பி சாட்சி. இந்தத் தாய் இழவு பாக்கல.”

வீரர்கள் இருவரும் பின்னால் நகர்ந்தார்கள். நாச்சின் இன்னும் பேச வாயைத் திறந்தபடியே நின்றான். கூட்டத்தில் யாரோ மூக்கால் சிரித்தார்கள். அவனுக்கு மெதுவாகத்தான் விளங்கியது.

“ஐயா, நான் அதுக்குச் சொல்லல. இவ எப்பேர்ப்பட்டவன்னு...”

“கெட்ட பொண்டாட்டிக்குச் சட்டத்துல அடி இல்ல. பொய்ச் சாட்சிக்கு இருக்கு. சேணக்காரன் வாங்கினது தெரியுமில்ல? மாத்திச் சொல்றியா?”

நாச்சின் தீயைப் பார்த்தான். “இல்ல” என்றான்.

“குதிரைங்களுக்குத் தீனி போடுங்க. நாளைக்கு மதியம் கெளம்பணும்” என்று செங்கும் தீயில் குளிர்காயப் போனார்.

மறுநாள் காலையில் யெசுலுன் தண்ணீர்த் துளையில் கட்டியிருந்த பனிக்கட்டியைக் கோடரியால் உடைத்துக்கொண்டிருந்தாள். அன்று அவளுக்கு முன்னால் யாரும் வரவில்லை. நாச்சின் நடந்து வந்தான். குதிரையில் வராதது அவளுக்கு விசித்திரமாக இருந்தது. வீரர்களின் குதிரைகள் மேட்டுக்கு அந்தப் பக்கம் கனைப்பது கேட்டது.

“உன்ன நான்தான் காப்பாத்துனேன்னு ஊரே சிரிக்குது.”

“நான் கேக்கல தம்பி.”

“தெரியும். உன் தலை போகும்னா இன்னொரு தடவ வேணும்னாலும் சொல்வேன். அதச் சொல்லத்தான் வந்தேன். அதுக்கு மட்டும் வரல.” அவன் துளையில் தெரிந்த கறுப்புத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே பேசினான். “நேத்து அந்த ஆள் நெருப்பு சாட்சியான்னு கேட்டதுலேர்ந்து எனக்கு ஒண்ணு ஓடிக்கிட்டே இருக்கு. அந்த இருமல் நெஜமாவே கேட்டுச்சா? எத்தன தடவ சொன்னேன்னு எனக்கே தெரியாது. சொல்லிச் சொல்லி வந்துச்சா, கேட்டுச் சொன்னேனா?” அவளைப் பார்த்தான். “நீ வெளிய வந்தப்போ அவன் இருந்தானா, இல்லையா? அது ஒண்ண மட்டும் சொல்லு அண்ணி.”

மூன்று வருஷத்தில் அவன் அவளை அண்ணி என்று கூப்பிட்டது அப்போதுதான்.

அவளிடம் சொல்ல இருந்தது. உன் அண்ணன் சாகும்போது தலை என் மடியில் இருந்தது. ஒரு எட்டுகூட அவன் தனியாக இல்லை. கடைசியாகக் கண் திறந்து, “நாச்சின் வந்துட்டானா? காத்துல போயிருக்கானே, தொப்பி போட்டுக்கிட்டானா?” என்று கேட்டான். அதற்குப் பிறகு ஒன்றும் பேசவில்லை. இவ்வளவுதான். மூன்று வருஷமாக அவள் வாயில் கிடந்து கனத்த சொற்கள் இவைதான். இவற்றைச் சொன்னால் எதிரில் நிற்கிறவனின் நெஞ்சில் இருக்கிற முள் இந்த நிமிஷமே விழுந்துவிடும்.

அப்புறம் அவன் என்ன செய்வான்? அழுவான். அழுது முடித்து மேட்டைப் பார்ப்பான். நூற்று ஏழு அடிக்குப் பயந்து வாயை மூடிக்கொள்கிற ஆள் இல்லை அவன். நெருப்பு சாட்சியாகப் பொய் சொல்லிவிட்டோம், கானாக உட்கார்ந்த குழந்தை அதில் போய்விட்டது என்று தெரிந்தால், முதுகைக் காட்டிக்கொண்டு செங்கும் முன்னால் போய் நிற்பான். அப்படிப்பட்டவன் என்பதால்தான் அவள் புருஷன் அவனை அவ்வளவு நம்பினான்.

ஆடுகள் துளையைச் சுற்றி முட்டிக்கொண்டன.

“இருந்தாரு” என்றாள் யெசுலுன். “இருமினாரு. எனக்கும் கேட்டுச்சு.”

“ரெண்டு தடவையா?”

“ரெண்டு தடவ.”

“கேட்டும் நீ திரும்பிப் போகல.”

“போகல.”

அவன் தலையை ஆட்டினான். வெகுநாள் தேடின பொருள் கிடைத்தவன் போல முகம் ஒரு நிலைக்கு வந்தது. அவள் காலடியில் பனியில் காறித் துப்பிவிட்டு நடந்தான். மதியம் அதிகாரிகள் கிளம்பினார்கள். போகுமுன் வெள்ளைக் கம்பளியைச் சுருட்டி வண்டியில் போட்டுக்கொண்டார்கள்.

புதுக் கான் யார் என்று ஆறு மாதம் ஒருவருக்கும் தெரியவில்லை. அதற்குள் யெசுலுன் தாய்க் கம்பளியை எரித்துவிட்டாள். காற்று எதிர்ப்பக்கம் அடித்த ஒரு நாளில், மேட்டுக்கு அந்தப் பக்கம், ஒருவருக்கும் சொல்லாமல். செச்செக் வடக்கே கிளம்பும்போது ஓல்ஜெயின் மஞ்சள் தாயின்மேல் செய்த புதுக் கம்பளி ஒன்றைத்தான் சீராகக் கொண்டுபோனாள். அடுத்த கானுக்குக் கம்பளி கேட்டு ஆள் வந்தபோது கை வலிக்கிறது என்று அனுப்பிவிட்டாள். பட்டு வந்த திமிர் என்றார்கள். அவள் மறுக்கவில்லை. அதன்பின் இருபது வருஷத்துக்கு மேல் இருந்தாள், காற்று அடிக்கிற பக்கத்திலேயே.

நாச்சின் இன்னும் ஒன்பது வருஷம் உயிரோடு இருந்தான். எந்த முகாமுக்குப் போனாலும் அண்ணனின் கதையைச் சொல்வான். இருமல் வருகிற இடத்தில் இப்போது அவனுக்குத் தடுமாற்றமே இல்லை.